உன் உம்மாவின் இரத்தத்தில் நடந்தது

மகளுக்கு,

அல்லாஹ்வின் சாந்தி உன்மீது உண்டாகட்டும். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது உனக்குக் கலியாணப் பேச்சு தொடங்கியிருக்கும். இப்போது நீ சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாய். நான் எழுதுவதில் ஒரு சொல்லும் உனக்கு விளங்காது. பிறகு ஆறுதலாக எழுதலாம் என்று தள்ளிப்போட்டால் நான் எழுதவே மாட்டேன் என்பது எனக்குத் தெரியும். அதனால் இன்றைக்கே எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து எல்லோரும் சோறு தின்றுவிட்டுச் சாய்ந்திருக்கிற நேரம். நீ பக்கத்து அறையில் தூங்குகிறாய். அடுத்த கிழமை உம்மாவின் தங்கச்சி, உன் சாச்சி ஜெஸீலாவுக்குக் கலியாணம். முற்றத்தில் பந்தல்காரன் போட்டுவிட்டுப் போன கம்புகள் கிடக்கின்றன. எனக்குச் சுற்றி வளைத்து எழுத வராது, ஆகவே விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் உம்மாவுக்கு வந்திருப்பது ஒருவகை இரத்தப் புற்றுநோய். அது அவளுடைய உம்மாவிடமிருந்து அவளுக்கு வந்ததல்ல. அவளிடமிருந்து உனக்கு வரப்போவதும் இல்லை. ஊரில் வேறு மாதிரிச் சொல்வார்கள். சொல்கிறவர்களுக்கு நீ என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதற்காகவே இவ்வளவும்.

எப்படிக் கண்டுபிடித்தோம் என்பதிலிருந்து சொல்கிறேன். நீ பிறந்த பிறகு உம்மாவின் வயிறு வற்றவில்லை. வலப்பக்கம் வற்றியது, இடப்பக்கம் நின்றது. பிள்ளை பெற்றவளுக்கு வயிறு கட்டுகிற மருத்துவிச்சி, சீலையை இன்னும் இறுக்கிக் கட்டினாள். நாற்பது நாள் கழிந்தும் வயிறு அப்படியே கிடந்தது. மாலையானால் மேல் காய்ந்தது. உடனே எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்: காய்ச்சல்கட்டி. மலேரியா வந்து வந்து மண்ணீரல் வீங்கிப்போவதற்கு நம் பக்கத்துப் பேர் அது. வயல் வட்டைகளுக்குப் போய்வருகிறவர்கள் வீட்டில் ஒருவருக்காவது அது இருக்கும், ஆகவே யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வெளிநோயாளர் பிரிவில் அப்போதிக்கரி என்கிற உதவி வைத்தியர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு மலேரியாக் குளிசை கொடுத்தார். உம்மா குடித்தாள். காது இரைந்தது, கட்டி குறையவில்லை. "குளிசைய மாத்திக் குடுங்க" என்றார்கள் வீட்டார். மாற்றியும் கொடுத்தார்கள். மண்ணீரல் வீங்கினால் மலேரியா என்று நம் கை பழகிவிட்டது. இந்தக் கிழக்குக் கரையில் இல்லாமல் வேறெங்காவது இருந்திருந்தால் முதல் நாளே இரத்தத்தை எண்ணிப் பார்த்திருப்பார்கள்.

நான் அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றின் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். விஞ்ஞானப் பட்டம் முடித்துவிட்டு இரத்தப் பரிசோதனைப் பயிற்சி எடுத்தவன். பகல் முழுவதும் நுணுக்குக்காட்டிக்குக் கீழே மலேரியாக் கிருமி தேடுவதே என் உத்தியோகம். ஒருநாள் வந்த கண்ணாடித் துண்டுகளின் நடுவில் உன் உம்மாவின் பேர் எழுதிய துண்டும் இருந்தது. காய்ச்சல் கூடியதால் அன்று காலை விரலில் குத்தி எடுத்திருக்கிறார்கள். மற்றவற்றைப் பார்ப்பது போலவே அதையும் வைத்தேன். சாதாரண இரத்தத்தில் வெண்குழியங்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும், செங்குழியங்களுக்கு நடுவே அங்கொன்று இங்கொன்றாக நிற்கும். இதில் தேட வேண்டியிருக்கவில்லை. சந்தைக்கு வந்த கூட்டம் போல வெண்குழியங்கள் நின்றன. முதிர்ந்தவை, பாதி முதிர்ந்தவை, என்பு மச்சையை விட்டு வெளியே வரவே கூடாத குஞ்சுகள் என எல்லாப் பருவமும் ஒரே இடத்தில் கிடந்தன. சாயம் பிழையாகிவிட்டது என்று நினைத்து இன்னொரு துண்டுக்குச் சாயம் போட்டேன். யுத்தத்தில் பாதைகள் அடிக்கடி மூடப்பட்டதால் கொழும்பிலிருந்து சாயம் வராமல் மிச்சம் பிடித்து வைத்திருந்த காலம் அது. இரண்டாவது துண்டும் அதையே சொன்னது. படித்த படத்தில் இருந்தது அப்படியே கண்முன் இருந்தது, எனக்குச் சந்தேகம் வரவில்லை. வீட்டுக்கு வந்து முதல் வேலையாக உன் குதிகாலில் குத்தி, துண்டை ஆய்வுகூடத்துக்கு எடுத்துப்போய் உன் இரத்தத்தைப் பார்த்தேன். அது தேவையில்லை என்று என் படிப்பு சொன்னது. ஆனாலும் பார்த்தேன். நீ வீடு இடியக் கத்தினாய். உன் இரத்தம் சுத்தமாக இருந்தது.

உம்மாவிடம் அன்றைக்கே சொன்னேன். மெல்லமெல்லச் சொல்லும்படி என் ஆய்வுகூட நண்பர்கள் சொல்லியிருந்தார்கள். எனக்கு மெல்லச் சொல்லத் தெரியாது, அவளுக்கும் மெல்லக் கேட்கத் தெரியாது. "காய்ச்சல்கட்டி இல்ல நபீசா. ரத்தத்தில புற்று" என்றேன். உனக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்: "பாலில போகுமா?" போகாது என்றேன். "அப்ப சரி. மத்ததப் புறகு சொல்லுங்க." நீ குடித்து முடிந்த பிறகுதான் மிச்சத்தைக் கேட்டாள்.

பிறகு கொழும்புக்குப் போனோம். வழி நெடுகச் சோதனைச் சாவடிகளில் பஸ்ஸை நிறுத்தி ஆட்களை இறக்கி ஏற்றினார்கள். உம்மா ஒவ்வொரு முறையும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். அங்கே நெஞ்செலும்பில் ஊசி போட்டு மச்சை எடுத்துப் பார்த்து, நான் நினைத்ததையே டாக்டரும் சொன்னார். குளிசை எழுதித் தந்தார். வெண்குழியம் எவ்வளவு என்று அடிக்கடி பார்த்து அந்தக் குளிசையைக் கூட்டியும் குறைத்தும் கொடுக்க வேண்டும். அந்தப் பார்க்கிற வேலை என்னுடையது. சில ஆண்டுகள் இப்படி அடங்கிக் கிடக்கும், பிறகு ஒருநாள் அடங்காது என்றார். எத்தனை ஆண்டு என்று கேட்டேன். "தம்பி, ஆளுக்கு ஆள் வேற. உங்களுக்கு நான் இலக்கம் தந்தா நீங்க அதையே பாத்துக்கொண்டிருப்பீங்க" என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது உண்மை.

நோய் என்ன என்பதை நீ சரியாகத் தெரிந்திருக்க வேண்டும். உன் காலத்துப் பாடப் புத்தகத்தில் இதைவிட நன்றாக எழுதியிருக்கும். ஆனாலும் இதை நான் சொல்லித்தான் நீ கேட்க வேண்டும். உடம்பு வளர்வதும் காயம் ஆறுவதும் கலங்கள் என்கிற உயிரணுக்கள் பிரிவதால் நடப்பவை. ஒரு கலம் பிரிவதற்கு முன்னால் தன் நிறமூர்த்தங்களை, அதாவது குரோமோசோம்களை, இரட்டிப்பாக்கி, ஒழுங்காக அடுக்கி, இரண்டு பக்கமும் இழுத்து, நடுவில் பிளக்க வேண்டும். இதில் எந்த வேலையும் தானாகத் தொடங்குவதில்லை. யாரோ "இப்போது தொடங்கு" என்று சொல்ல வேண்டும், முடிந்ததும் "நிறுத்து" என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்கிறவற்றில் முக்கியமானவை கைனேஸ் என்கிற நொதியங்கள். அவற்றின் வேலையைக் கேட்டால் உனக்குச் சிரிப்பு வரும், அவ்வளவு சின்னது. ஏ.டி.பி. என்ற மூலக்கூறிலிருந்து பொசுபேற்று என்கிற ஒரு சின்னத் துண்டைப் பிடுங்கி இன்னொரு புரதத்தின்மேல் ஒட்டிவிடுவது. ஒட்டியதும் அந்தப் புரதத்தின் உருவம் கொஞ்சம் திரும்பும். சும்மா கிடந்தது வேலை தொடங்கும், வேலை செய்தது சும்மா கிடக்கும். ஒட்டியதைக் கழற்றிவிட வேறு நொதியங்கள் காத்திருக்கின்றன. ஒட்டுவதும் கழற்றுவதும் மாறி மாறி நடந்தால்தான் கலம் நேரம் பார்த்துப் பிரியும், நேரம் பார்த்து நிற்கும். பேக்கரியில் மா பொங்க வைக்கிற ஈஸ்ட்டுக்குள்ளும் பிரிவதற்கு உத்தரவு போடுகிற ஒரு கைனேஸ் இருக்கிறது. அதை எடுத்துவிட்டு மனிதக் கலத்தில் உள்ளதைப் போட்டால் ஈஸ்ட் ஒரு வித்தியாசமும் காட்டாமல் பிரிகிறது என்று இப்போது கண்டிருக்கிறார்கள். பல்கலைக்கழகத்தில் வேலை செய்கிற நண்பன் ஒருவன் கட்டுரைகளைப் போட்டோகொப்பி எடுத்து அனுப்புகிறான். அதை வாசித்த அன்று நான் சாப்பிடவே மறந்துபோனேன். உம்மாவின் நோயை மறந்து கொஞ்ச நேரம் சந்தோஷமாக இருந்தேன். மனிதனும் அப்பமாவும் ஒரே உத்தரவுக்குக் கீழ்ப்படிகிறார்கள் என்றால் யாருக்குத்தான் சந்தோஷம் வராது?

உம்மாவுக்கு நடந்தது இது. மச்சையில் இருந்த கோடானு கோடிக் கலங்களில் ஒரே ஒரு கலம். அது பிரிகிற நேரத்தில் இரண்டு நிறமூர்த்தங்கள் உடைந்து, துண்டுகள் மாறி ஒட்டிக்கொண்டன. அந்த ஒட்டில், தூரத்தில் கிடந்த இரண்டு மரபணுக்கள் தலையும் வாலுமாகச் சேர்ந்து ஒரு புதுக் கைனேஸை உண்டாக்கின. கைனேஸ் என்றால் உத்தரவு வரும்போது வேலை செய்து, இல்லாதபோது அடங்கிக் கிடக்க வேண்டும். இது அடங்காது. எந்நேரமும் ஒட்டிக்கொண்டே இருக்கும், கலம் எந்நேரமும் பிரிந்துகொண்டே இருக்கும். பிரிந்து வந்த கலங்களுக்கும் அதே கைனேஸ், அவையும் பிரியும். அந்த ஒன்றின் சந்ததிதான் நான் அன்று கண்ட கூட்டம். டாக்டர் தருகிற குளிசை இந்தக் கைனேஸைத் தொடுவதே இல்லை. பிரிகிற கலம் எதுவானாலும் அடிக்கிறது, அவ்வளவுதான். முரட்டு வைத்தியம். வேறு வைத்தியம் நம் கையில் இல்லாததால் அதைச் செய்கிறோம்.

இனி ஊர்க் கதைக்கு வருகிறேன். நம் ஆட்களுக்குக் குடி, அதாவது வம்சம், தாய் வழியில் வருகிறது. உன் உம்மாவின் குடிதான் உன் குடி, சாச்சியின் குடியும் அதுவே. என் குடி என்னோடு சரி. வீடும் பெண்ணுக்குத்தான். நான் உன் உம்மாவைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்தவன். ஆகவே ஒரு பெண்ணுக்கு நோய் என்றால் அதை அவளோடு விடமாட்டார்கள். "அந்தக் குடிக்கு அது இருக்கு" என்று ஒருவர் சொன்னால் போதும், அவளுடைய தங்கச்சி, மகள், மகளின் மகள் என்று எல்லோரையும் அந்தச் சொல் பிடித்துக்கொள்ளும். உன் உம்மாவின் உம்மா, நான் இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே, வயிறு வீங்கி மவுத்தானவர். ஊருக்கு அது போதுமாக இருந்தது. கொழும்புக்குப் போய்வந்து கொஞ்ச நாளில் சந்தையில், பள்ளியடியில், என் ஆய்வுகூட வாசலில்கூடக் கேட்கத் தொடங்கினார்கள். அந்த நேரத்தில்தான் ஜெஸீலாவுக்குச் சம்பந்தம் பேசியிருந்தோம். நாம் போய் மாப்பிள்ளை கேட்டிருந்தோம், அவர்கள் பதிலுக்கு வீடு பார்க்க வருவதாக இருந்தது. மாப்பிள்ளை ஆசிரியர். அவருடைய வாப்பா வட்டவிதானை, வயல்களுக்கு யார் எப்போது தண்ணீர் பாய்ச்சுவது என்று தீர்மானிக்கிறவர். எதையும் நேரே கேட்கிற மனிசன் என்று பேர்.

அவர்கள் வருகிற அன்று காலையில் உன் மூத்தாப்பா, அதாவது உம்மாவின் வாப்பா, என்னைக் கடைக்குள் கூப்பிட்டார். சீலைக்கடை, ஆனால் அன்றைக்கு ஒருவருக்கும் ஒன்றும் விரித்துக் காட்டவில்லை. "மருமகன், கேட்டா காய்ச்சல்கட்டி எண்டு சொல்லுங்க."

"அது காய்ச்சல்கட்டி இல்லையே மாமா."

"அப்போதிக்கரி ஐயா அப்பிடித்தானே சொன்னாரு?"

"அவர் பிழையாச் சொன்னாரு."

"பிழையாச் சொன்ன அவருதானே. நாம அவரு சொன்னதச் சொன்னா அது பொய்யாகுமா?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. மனைவியைக் காய்ச்சல்கட்டி என்று சொல்லி அடக்கம் செய்தவர் அவர், இரண்டாவது மகளைக் கரைசேர்க்க அதே சொல்லைத்தான் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனாலும் மாட்டேன் என்றேன். "நீங்க சொல்லுங்க மாமா. என்னக் கேட்டா நான் உள்ளதத்தான் சொல்லுவன்." அவர் முழக்கோலை எடுத்து மேசையில் வைத்தார். "உங்கள அவங்க கேக்காம இருக்கிறதுக்கு நான் ஓதிக்கிறன்" என்றார்.

அவருடைய துஆ கபூலாகவில்லை, அல்லாஹ் அதை ஏற்கவில்லை. வந்தவர்கள் உட்கார்ந்து, தேத்தண்ணி வந்ததும் வட்டவிதானை தொடங்கினார். ஆண்கள் முன்மண்டபத்தில் இருந்தோம். பெண்கள் திரைச்சீலைக்கு உள்ளே. "நான் நேரா கேக்கன், கோவிக்கப்படாது. மூத்த புள்ளைக்கு என்ன வருத்தம்?"

மாமா முந்தினார்: "அது ஒரு காய்ச்சல்கட்டி…"

"ஹாஜியார், நான் உங்களக் கேக்கல்ல. ரத்தம் பாக்கிற ஆளத்தான் கேக்கன். சொல்லுங்க தம்பி."

இரத்தப் புற்று என்றேன். மாமா கண்ணை மூடிக்கொண்டார். நான் நிறமூர்த்தத்தில் தொடங்கி, கைனேஸ், பொசுபேற்று என்று எல்லாவற்றையும் விளக்கினேன். தேத்தண்ணி ஆறிப்போயிற்று. வட்டவிதானை நடுவில் ஒரு கொட்டாவியும் விடாமல் கேட்டுவிட்டு, "எனக்கு ஒண்டு மட்டும் விளங்கோணும்" என்றார். "இது விதைநெல்லிலயே உள்ள பழுதா, வயலில பட்ட பழுதா?"

நான் முதலில் சொல்லியிருக்க வேண்டியது அதுதான். வயலில் பட்டது என்றேன். வாழ்க்கையின் நடுவில் ஒரு கலத்தில் பட்ட பழுது, பிள்ளைக்குப் போகிற முட்டைக்கு அதில் பங்கில்லை.

"எப்பிடித் தெரியும்?"

"இந்த வருத்தக்காரர்ட ரத்தத்தில உள்ள மாற்றம் அவங்கட தோலில இல்ல. ஒரே மாதிரிப் பிறந்த ரெட்டைப் புள்ளைகள்ல ஒருவருக்கு வந்து மத்தவருக்கு வராமலே இருந்திருக்கு. விதைநெல்லில இருந்தா ரெண்டு பேருக்கும்தானே வரோணும்?"

அவர் தலையாட்டினார். மாமா ஒரு கண்ணைத் திறந்தார். அதோடு பேச்சு நின்றிருந்தால் அன்றைக்கே பாத்திஹா ஓதிச் சம்பந்தத்தை முடித்திருப்பார்கள். ஆனால் வட்டவிதானை விடவில்லை. "இந்தப் புள்ளட ரத்தத்தில அந்த மாற்றத்த உங்கட கண்ணால கண்டீங்களா?"

"இல்ல. அதப் பாக்கிற வசதி இஞ்ச இல்ல. மச்சையையும் குழியங்களையும் பாத்து டாக்டர் சொன்னது. நானும் அதப் பாத்துத்தான் சொல்றன்."

"அப்ப இவங்கட உம்மா? அவவும் வயிறு வீங்கித்தானே மவுத்தானவ?"

"அவட ரத்தத்த நான் பாக்கல்ல. மலேரியாவா இருக்கலாம், ஈரலா இருக்கலாம். தெரியாத ஒண்டத் தெரியும் எண்டு நான் சொல்ல மாட்டன்."

"யா அல்லாஹ்" என்றார் மாமா சத்தமாகவே, "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்ற ஒரு மருமகன எனக்குத் தந்திருக்கப்படாதா!" யாரோ சிரித்தார்கள். வட்டவிதானை சிரிக்கவில்லை. எழும்புவதற்கு முன்னால் ஆட்கள் சாரனைச் சரிசெய்வார்களே, அதைச் செய்யத் தொடங்கினார். உள்ளே ஜெஸீலா மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. என் உண்மை அவளுடைய கலியாணத்தைக் குழப்பிக்கொண்டிருந்தது. எனக்கு வேறு வழியும் தெரியவில்லை.

அப்போது திரைக்கு உள்ளேயிருந்து உன் உம்மாவின் குரல் வந்தது. மாப்பிள்ளையின் உம்மாவிடம் கதைக்கிறாள், ஆனால் மண்டபத்துக்கும் கேட்கட்டும் என்றே கதைக்கிறாள். "மாமி, கையத் தாங்க. இஞ்ச வைங்க, இடப் பக்கம். அழுத்திப் பாருங்க, நோகாது."

"அல்லாஹ்வே! கல்லு மாதிரிக் கிடக்கு புள்ள."

"முந்தித் தொப்புளையும் தாண்டிக் கிடந்த. குளிசை குடிச்சி இவ்வளவுக்கு வந்திருக்கு. இதத்தான் எல்லாரும் மறைக்கச் சொன்ன. மறைச்சி என்ட தங்கச்சிய உங்கட மகனுக்குக் கட்டிக் குடுக்கலாம். நாளைக்கு நான் மவுத்தாப் போவன், உங்களுக்கு விஷயம் தெரிய வரும். அதுக்குப் புறகு அவள் ஒவ்வொரு புள்ளை உண்டாகக்குள்ளயும் அவள்ற வயித்த நீங்க என்ன கண்ணால பாப்பீங்க? அவளால அந்தப் பார்வைக்குள்ள இருக்க ஏலா மாமி. இப்பயே தொட்டுப் பாத்திட்டீங்க. வேணாமெண்டா இப்பயே எழும்பிப் போங்க, நாங்க கோவிக்க மாட்டம்."

உள்ளேயிருந்து மாப்பிள்ளையின் உம்மாவின் பதில் வந்தது: "இவ்வளவு கதைக்கிற நீயா வருத்தக்காரி? எனக்கு நிண்டா முழங்கால் நோகுது, இருந்தா முதுகு நோகுது. என்னத் தொட்டுப் பாக்க ஒருத்தருமில்ல." பெண்கள் சிரித்தார்கள். வட்டவிதானை கட்டிய சாரனை மறுபடி தளர்த்திவிட்டு ஆறிய தேத்தண்ணியை எடுத்துக் குடித்தார். ஆனால் சொல் ஒன்றும் தராமல்தான் போனார்கள்.

பதில் வராமல் கிடந்த அந்த நாட்கள் நல்ல நாட்கள் அல்ல. மாமா என்னோடு நேரே கதைக்கவில்லை. "மருமகன் சோறு தின்னல்லையா எண்டு கேளுங்க" என்று என் முன்னாலேயே உம்மாவிடம் சொல்வார். ஜெஸீலா என்னைக் கண்டால் அறைக்குள் போனாள். ஊர் தன் பாட்டுக்கு முடிவு கட்டியது: சம்பந்தம் முறிந்துவிட்டது, அந்தக் குடிக்கு அது இருக்குத்தான். பிறகு ஒருநாள் முற்பகலில் மாப்பிள்ளையின் உம்மா தனியாகவே வந்தார், கையில் ஓலைப்பையில் பச்சை மாங்காயோடு. முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் முகவுரை ஒன்றும் வைக்கவில்லை. "மகனக் கேட்டன். மறைக்காத வீட்டில கட்டாம மறைக்கிற வீட்டையா தேடிப் போறது எண்டான். எனக்கும் அது சரியாப் பட்டுது. ஒரு கதை மட்டும். வெள்ளாமை வெட்டும் வரைக்கும் இழுக்க வேணாம். மூத்தவ, ராத்தாக்காரி, தெம்பா நிக்கக்குள்ளயே கலியாணத்த வைப்பம்."

உன் உம்மா இடுப்பில் உன்னை வைத்துக்கொண்டு நின்றாள். "என்ன மாமி, எனக்கு நாள் குறிச்சிட்டீங்க போல."

"உனக்கில்ல புள்ள, கலியாணத்துக்கு" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு பேரும் சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். நான் வாசலில் நின்றேன். என்னால் சிரிக்க முடியவில்லை.

வட்டவிதானை மட்டும் தன் மனச் சாந்திக்கு ஜெஸீலாவின் இரத்தத்தைப் பார்த்துச் சொல்லும்படி கேட்டனுப்பினார். பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. அவருடைய வீட்டுக்கே போய்ச் சொன்னேன், கூடவே அது இன்றைக்கு இல்லை என்பதற்கு மட்டும்தான் சாட்சி, நாளைக்கு இந்த நோய் யாருக்கும் வரலாம், உங்களுக்கும் வரலாம் எனக்கும் வரலாம் என்றும் சொன்னேன். அவர் வெற்றிலையை மடித்தபடி என்னை மேலும் கீழும் பார்த்தார். "உங்களோட கதைச்சா மனிசனுக்கு நிம்மதி வராது தம்பி. ஆனா கன நாளைக்குப் புறகு ஒருத்தர நம்பலாம் போல கிடக்கு" என்றார்.

மகள், உன் முறை வரும்போது இதைத்தான் செய். அவர்கள் கேட்பதற்கு முன்னால் நீயே சொல். உன் உம்மாவுக்கு என்ன வந்தது என்று பேரைச் சொல்லியே சொல். அது விதைநெல்லில் உள்ள பழுதல்ல என்று சொல், தெரியாததைத் தெரியாது என்று சொல். அதைக் கேட்டு எழும்பிப் போகிறவர்களுக்குச் செருப்பை எடுத்துக் கொடு. இந்த வீடு உன்னுடையது, நீ யாருடைய வீட்டுக்கும் போய் அவர்களுடைய பார்வைக்குள் இருக்கத் தேவையில்லை. உனக்கு வருகிற மாப்பிள்ளைதான் இங்கே வந்து நம்மைச் சகிக்க வேண்டும். என்னையும் சேர்த்து.

இன்னுமொன்று. அந்தக் கைனேஸில் ஏ.டி.பி. வந்து உட்காருகிற ஒரு பள்ளம் இருக்கிறது. அதற்குள் சரியாகப் பொருந்தி உட்கார்ந்துகொள்ளும் ஒரு மூலக்கூறைச் செய்தால் ஏ.டி.பி.க்கு இடமிருக்காது, பொசுபேற்றை ஒட்ட முடியாது, நோய் நிற்கும். இதைச் சொல்லப் பெரிய அறிவு தேவையில்லை. நான் நண்பனுக்கு எழுதிக் கேட்டேன். எல்லாக் கைனேஸுக்கும் ஏறத்தாழ அதே பள்ளம்தான், ஒன்றை அடைத்தால் எல்லாம் அடைபட்டு ஆள் செத்துப்போவான் என்று பெரியவர்கள் சொல்வதாகப் பதில் எழுதியிருந்தான். எனக்கு அது சோம்பேறிப் பேச்சாகப் படுகிறது. ஏறத்தாழ ஒன்று என்றால் முழுக்க ஒன்று அல்ல. அந்த வித்தியாசத்தைப் பிடிக்கிற அளவுக்குப் பொறுமையுள்ள ஒருவன் எங்காவது இருப்பான். என்னிடம் அந்தப் பொறுமையும் இல்லை, அதற்கான ஆய்வுகூடமும் இல்லை. இங்கே குளிரூட்டிக்கு ஒழுங்காகக் கரண்ட் வந்தாலே பெரிய காரியம். நீ இதை வாசிக்கிற காலத்தில் அந்த மருந்து இருக்கும் என்றே நினைக்கிறேன். அது வருகிற வரைக்கும் உன் உம்மாவுக்குக் காலம் போதுமா என்பது எனக்குத் தெரியாது. அதுவரை குளிசையைக் கூட்டியும் குறைத்தும் நான் பார்த்துக்கொள்கிறேன்.

இவ்வளவையும் எழுதி உன் உம்மாவிடம் வாசிக்கக் கொடுத்தேன். கட்டிலில் சாய்ந்துகொண்டு, கலியாணத்துக்குத் தைக்க எடுத்த சட்டையை மடியில் போட்டபடி, முழுக்க வாசித்தாள். என் எழுத்தைக் குறை சொல்வாள் என்று காத்திருந்தேன். "எல்லாம் சரி" என்றாள். "ஆனா இத வாசிக்கிற புள்ளைக்கு உம்மா எண்டா என்ன? வெள்ளைக் குழியமும் மண்ணீரலும்தானா? எனக்கு என்ன பிடிக்கும் எண்டு ஒரு வரி இருக்கா இதில?"

நான் தேடிப் பார்த்தேன். இருக்கவில்லை. "சொல்லு, எழுதிறன்" என்றேன்.

அவள் சொல்லச் சொல்ல எழுதுகிறேன், ஒரு சொல்லையும் மாற்றவில்லை: "மகள், எனக்குச் சூடை மீன் பொரிச்சித் தின்ன விருப்பம், முள்ளோட. மழைக்குள்ள நனையிறது விருப்பம், வாப்பா சளி பிடிக்கும் எண்டு கத்துவார், நீ கேக்காத. நான் நல்லாச் சத்தம் போட்டுச் சிரிப்பன், அடுத்த வளவுக்கும் கேக்கும். கணக்கில நான் உன்ட வாப்பாவை விடக் கெட்டிக்காரி, அத அவர் ஒருநாளும் எழுத மாட்டார். சாச்சிட கலியாணத்துக்கு நீலச் சட்டைதான் போடுவன், வருத்தக்காரிக்கு வெளிறின நிறம்தான் நல்லம் எண்டு எல்லாரும் சொல்றாங்க, அதால கடும் நீலமா எடுத்திருக்கன். எனக்கு உன்ன…"

அந்த இடத்தில் நிறுத்திவிட்டாள். என்ன என்று கேட்டேன். "எழுதிக்கிட்டே இருக்கீங்க, காது கேக்கல்லையா? புள்ள எழும்பிட்டா" என்றாள். ஓம், நீ எழும்பிவிட்டாய். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று கத்துகிறாய். அவள் சட்டையைக் கீழே வைத்துவிட்டு எழும்பப் பார்க்கிறாள். "நீ இரு நபீசா" என்று அவளிடம் சொல்லிவிட்டு, பேனையை வைத்துவிட்டு, நானே உன்னைத் தூக்க வருகிறேன்.

வாப்பா